உட்கார்ந்தால் பெருமாள் தெரிவாரா?

போன வருஷம், ஆடி பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். மடியில் கம்ப்யூட்டர் பெட்டி. அடிபடக் கூடாது என்று போர்வையால் சுற்றி வைத்திருந்தேன். காவிரிப் பாலத்தில் ஆட்டோ தூக்கிப் போடும்போதெல்லாம் 'யா அல்லாஹ்' என்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னம்மா அது, பிரியாணி அண்டாவா?" என்றார். "இல்லண்ணே, ஒரு சமையல்கட்டு" என்றேன். அம்மா மண்டபம் வரும்வரை மனுஷன் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நான் பொய் சொல்லவில்லை. மாடுலர் கிச்சன் வரைந்து கொடுப்பதுதான் என் வேலை. மன்னார்புரத்தில் ஒரு கடையில் பல வருஷம் இருந்தேன். ஒருநாள் முதலாளியோடு வாய்த்தகராறு முற்றி, வெளியே வந்து வீட்டிலேயே தொடங்கிவிட்டேன். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுப்பதற்கில்லை. தனியாக வந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமியின் சமையலறை.

மாமி அறுபதைத் தாண்டியவர். கணவர் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதிக நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் மாமியோ கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் தன் கையால் சமைத்து, அதை வீட்டுப் பெருமாளுக்குப் படைத்த பிறகே சாப்பிடுகிறவர். அவர்கள் வீட்டில் அதைச் சமையல் என்று சொல்ல மாட்டார்கள், தளிகை என்பார்கள். கூடத்து மூலையில் ஒரு மேடை, அதன்மேல் சின்ன மரக் கோயில் போல ஒரு பெட்டி, அதற்குள் பெருமாள். அதற்குப் பெயர் கோயிலாழ்வார்.

பெங்களூரில் இருக்கும் ஒரே பிள்ளை, அம்மாவுக்கு இரண்டு வழி சொல்லியிருந்தார். உட்கார்ந்தபடியே சமைக்கிற மாதிரி சமையலறையை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு தன்னோடு பெங்களூர் வந்துவிட வேண்டும். தனியாக நின்று சமைத்து, விழுந்துவைத்தால் யார் பார்ப்பது என்று அவருக்குப் பயம். நியாயமான பயம்தான். ஆடி பிறந்துவிட்டால் அந்த வீட்டில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். ஒரு மாதம் தள்ளிப்போட அவர் தயாராக இல்லை. எனக்கு முன்னால் வந்த இரண்டு பேரையும் மாமி திருப்பி அனுப்பிவிட்டார். அதனால்தான் பழைய முதலாளி, பெரிய மனசு பண்ணி, அந்த வேலையை என் பக்கம் தள்ளிவிட்டார். 'அவளும் கொஞ்சம் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்' என்ற எண்ணமாகக்கூட இருந்திருக்கலாம்.

முதல் நாள் போனபோது விஷயம் புரிந்தது. மாமி வாசலுக்கே வந்து கூட்டிப்போய் உட்கார வைத்து, காபி கொடுத்து, அன்பாகத்தான் பேசினார். சமையலறை வாசற்படி வந்ததும் நின்றுவிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதேம்மா. ஸ்நானம் பண்ணாம என் பிள்ளையே இதத் தாண்ட மாட்டான். மடி."

எனக்கு ஒரு நொடி சுருக்கென்றது. சொல்வதற்கென்ன, சுருக்கென்றதுதான். அப்புறம், நாங்களும் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யாமல் குர்ஆனைத் தொட மாட்டோமே என்று நினைத்துக்கொண்டேன். அளவெடுக்கும் லேசர் கருவியைக் கைப்பையிலிருந்து எடுத்து, படிக்கு இந்தப் பக்கம் நின்றபடி எதிர்ச் சுவரில் அடித்தேன். சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது.

"அது உள்ள போறதே?" என்றார் மாமி.

"வெளிச்சம்தான் மாமி. நான் போகலியே."

கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரி. சூரியனையே ஸ்நானம் பண்ணிட்டு வான்னா சொல்றேன்?" என்று சிரித்துவிட்டார். பெங்களூரிலிருந்து வந்திருந்த பிள்ளை குளித்துவிட்டு உள்ளே போய் நாடா பிடித்து மீதி அளவுகளைக் கத்த, நான் வெளியேயிருந்து குறித்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் காலையில், மாமி சமைப்பதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, படிக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். எது எங்கே இருக்கிறது, எந்தக் கை எதை எடுக்கிறது என்று பார்த்தால்தான் எனக்கு வரைய வரும். மாமி சாத்தமுது வைத்துக்கொண்டிருந்தார். நாம் ரசம் என்கிறோமே, அதுதான். உப்புப் போட்டார். நானென்றால் உடனே கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பேன். மாமி அப்படிச் செய்யாமல் கழுத்தைத் திருப்பிக் கூடத்து மூலையைப் பார்த்தார். புளி கரைத்து விட்டபோதும் பார்த்தார். இறக்கி வைக்கும்போதும் பார்த்தார்.

"ருசி பாக்கப்படாதே" என்றார், நான் கேட்காமலே. "அவருக்குத்தானே மொதல்ல. அதனால போட்டுட்டு அவரைப் பாத்துப்பேன். பாத்தா, சரியா இருக்கும்னு ஒரு தைரியம்."

அன்றைக்குத்தான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். "எல்லாம் பண்ணு. அழகாப் பண்ணு. ஒண்ணு மட்டும் சொல்லு. நான் கீழ உக்காந்துண்டா, அங்கேர்ந்து பெருமாள் தெரிவாரா?"

வந்த இரண்டு பேரும் தெரியும் தெரியும் என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள். மாமி நம்பவில்லை. நான் தாளில் வரைந்து, கோடு போட்டுக் காட்டினேன். "கோலம் மாதிரி இருக்கு" என்றார். ஃபோனில் ஒரு படம் அனுப்பினேன். "இது நீ வரைஞ்ச படம்மா. நான் திரும்பினா தெரியுமான்னுதானே கேக்கறேன்?" என்றார். எரிச்சல் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் தப்பே இல்லை. தினமும் கழுத்தைத் திருப்பப் போகிறவர் அவர்தானே. பெருமாள் தெரியாத அடுப்படியில் உட்காருவதைவிட, பெங்களூர் போய்விடுவதே மேல் என்று மாமி முடிவோடு இருந்தார். அந்த வீட்டை விட்டுப் போக அவருக்குக் கொஞ்சமும் மனசில்லை என்பதும் முகத்திலேயே தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை உங்கள அந்தச் சமையல்கட்டுக்குள்ளயே உக்கார வச்சுத் திருப்பிக் காட்டறேன் மாமி" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் மென்பொருளில் அது முடியும். நாம் வரைந்த அறைக்குள் நடக்கலாம், குனியலாம், திரும்பலாம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலையில் இருக்கிறார். ஒரு லீவில் வந்தபோது, வைரஸ் தொல்லையே வேண்டாம் என்று எங்கள் டெஸ்க்டாப்பில் லினக்ஸைப் போட்டுவிட்டார். எனக்கோ கிச்சன் வரையும் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். கத்தினேன். அதற்கும் ஒரு வழி செய்தார். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர். விர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள். திரையில் ஒரு ஜன்னல் திறக்கும், அந்த ஜன்னலுக்குள் விண்டோஸ் தனிக் குடித்தனம் நடத்தும். தானும் ஒரு முழுக் கம்ப்யூட்டர் என்று அதற்கு நினைப்பு. உண்மையில் வெளியே இருக்கும் பெட்டி எதை இரவல் கொடுக்கிறதோ அதை வைத்துத்தான் பிழைப்பு.

ஊருக்குக் கிளம்பும்போது படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார். "உள்ள ஷட் டவுன் கிட் டவுன்லாம் பண்ணாதே. வேலை முடிஞ்சா ஜன்னல மூடு. என்ன செய்யணும்னு கேக்கும், சேவ் பண்ணுன்னு குடு. மறுநாள் திறந்தா விட்ட இடத்துல அப்படியே நிக்கும்."

அவர் பேச்சை நான் கேட்பது அபூர்வம். இதை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மாதக்கணக்கில் அந்த உள் கம்ப்யூட்டரை நான் அணைத்ததே இல்லை. ராத்திரி மூடுவேன், சேவ் கொடுப்பேன். காலையில் திறந்தால் பாதி வரைந்த அலமாரி அப்படியே நிற்கும். எனக்கு அது பரம சௌகரியமாக இருந்தது.

ஆனால் அறைக்குள் நடக்கும்போது மட்டும் படம் இழுத்து இழுத்துத்தான் ஓடியது. அவரிடம் ஃபோனில் கேட்டதற்குக் காரணம் சொன்னார். படம் வரைவதற்கென்றே கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று வெளியே இருக்கிறது. நாம் அனுமதி கொடுக்காமல் உள் கம்ப்யூட்டர் அதைத் தொட முடியாது. அதனால் ஒவ்வொரு புள்ளியையும் தானே கணக்குப் போட்டு வரைந்துகொண்டிருக்கிறது. வீட்டில் கிரைண்டர் இருக்க, விருந்துக்கு வந்தவளை அம்மியில் அரைக்கவிட்ட கதை. இதற்காக உள்ளே, அந்தக் கார்டோடு பேச டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருளைப் போடச் சொன்னார், போட்டேன். ரீஸ்டார்ட் செய்யட்டுமா என்று கேட்டது. அணைக்கக் கூடாதே என்று 'பிறகு' என்பதை அழுத்தினேன். அடுத்து, வெளியே செட்டிங்கில் 3டி ஆக்சிலரேஷன் என்ற கட்டத்தில் டிக் பண்ணச் சொன்னார். அந்தக் கட்டம் மங்கலாக இருந்தது, எத்தனை தடவை தட்டினாலும் டிக் விழவில்லை.

"அப்ப நம்ம கார்டுக்கு ஒத்து வரல போல. லீவுக்கு வரும்போது பாக்கறேன்" என்று முடித்துவிட்டார். வீட்டில் சின்ன மானிட்டரில் இழுத்துக்கொண்டாவது ஓடியதால் நானும் விட்டுவிட்டேன்.

இதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டில் வந்து விடிந்தது. மாமி ஸ்ரீரங்கம் உற்சவங்களை வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று பிள்ளை ஒரு பிரம்மாண்டமான டிவி வாங்கி மாட்டியிருந்தார். அதில் கம்ப்யூட்டரை இணைத்தோம். புதுச் சமையலறை சுவர் நிறைய விரிந்தது. மாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிள்ளை, அடுப்புக்கு முன்னால் போடப்போகும் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் மாமியை ஒரு நிமிஷம் உட்கார வைத்து, தரையிலிருந்து கண் வரைக்கும் நாடாவால் அளந்து சொன்னார். அந்த உயரத்திலேயே மென்பொருளில் கண்ணை வைத்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லி மவுஸைத் திருப்பினேன்.

படம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அடுப்பு பாதி நகர்ந்தது. சுவர் இருந்த இடம் வெள்ளையாகப் போனது. அப்புறம் திடீரென்று ஒரேயடியாகத் திரும்பிக் கூரையைக் காட்டியது. டிவி பெரிது, அதில் புள்ளிகளும் பல மடங்கு. கணக்குப் போட்டு வரைகிற ஜீவன் மூச்சுத் திணறிவிட்டது. மறுபடி முயன்றேன். மறுபடியும் கூரை.

"எனக்குத் தலைய சுத்தறதும்மா" என்று மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் அவருக்கு ரயில். என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் வேதனையாக இருந்தது. "பரவால்லங்க, நீங்க இவ்ளோ தூரம் தூக்கிண்டு வந்ததே பெரிசு" என்றார். அம்மா பக்கம் திரும்பி, "அம்மா, பெங்களூர்லயே உனக்கு உக்காந்து பண்ற மாதிரி இடம் பண்ணித் தரேனே" என்றார் மெதுவாக.

மாமி கோயிலாழ்வாரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிடா. நான் குடுத்து வச்சது அவ்வளவுதான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, வீட்டுக்காரர் மேல், அந்தப் பெட்டி மேல், பெரிதாக வாக்குக் கொடுத்த என் வாய் மேல். அவருக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. அங்கே ஞாயிறு வேலை நாள். பெட்டியைப் போர்வையில் மறுபடி சுற்றிக்கொண்டு போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஜன்னலை மூடினேன். பழக்கதோஷத்தில் சேவ் கொடுத்தேன்.

மாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மனசு சரியில்லாத நேரத்திலும் வந்தவளிடம் ஏதாவது பேச வேண்டும் என்று நினைக்கிறவர் அவர். "என்ன பண்ணினே இப்போ?" என்று கேட்டார்.

"மூடி வச்சேன் மாமி. நாளைக்குத் திறந்தா விட்ட இடத்துல இருக்கும்."

"அணைக்கலியோ?"

"அணைக்கறதே இல்ல. வாங்கி வச்சதுலேர்ந்து இப்படித்தான்."

மாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒருநாள்கூடவா? நானெல்லாம் ராத்திரி ஏறக்கட்டி, அடுப்ப அலம்பி, கோலம் போடாம படுத்ததே கிடையாது தெரியுமோ? பாதி வேலைல அடுப்ப விட்டா, மறுநாள் அதுல கை வைக்கறது எப்படி?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாவம், அவர் தன் அடுப்பைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டே டிவியைப் பார்த்தேன். வெளித் திரையில் எங்கள் விர்ச்சுவல் மெஷினின் பெயர் தெரிந்தது. அதன் பக்கத்திலேயே, எத்தனையோ மாதமாகத் தினமும் பார்த்தும் படிக்காத ஒரு சின்ன வார்த்தை: சேவ்டு. அதாவது, அந்தக் கம்ப்யூட்டர் அணைந்திருக்கவில்லை. பாதி வேலையில் அப்படியே உறைந்து நின்றுகொண்டிருந்தது. பாதியில் நிற்கிறதன் கிராபிக்ஸை எப்படி மாற்றவிடும்? அந்தக் கட்டம் மங்கியிருந்தது கார்டின் குற்றமாக இல்லாமல், நான் ஒருநாளும் அணைக்காததாலேயே இருந்தால்? அந்த டிரைவர்கூட ரீஸ்டார்ட்டுக்காக இத்தனை நாள் காத்துக்கொண்டிருக்குமே!

"மாமி, ஒரு நிமிஷம்! ஒரே ஒரு நிமிஷம்!" என்று கத்தியேவிட்டேன். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளை எட்டிப் பார்த்தார்.

விண்டோஸைத் திறந்து, மாமியின் சமையலறையை முதலில் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். அப்புறம் ஷட் டவுன் கொடுத்தேன். மாதக்கணக்கில் அணைக்காத விண்டோஸ் சும்மா விடுமா? இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த அப்டேட்டையெல்லாம் போட ஆரம்பித்தது. அணைக்காதீர்கள், பொறுத்திருங்கள் என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சதவீதம் நத்தையாக ஊர்ந்தது. பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார், நான் வட்டத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன்.

மாமி மட்டும் பதறவில்லை. "அலம்பி விட்டா காயறதுக்கு நாழியாகும். இரு, இன்னொரு காபி கலக்கறேன்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

காபி வருவதற்கும் அது முழுதாக அணைவதற்கும் சரியாக இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் இருந்த வார்த்தை மாறிவிட்டது. செட்டிங்கைத் திறந்தேன். 3டி ஆக்சிலரேஷன் என்ற கட்டம் மங்கலாக இல்லை, பளிச்சென்று இருந்தது. தட்டினேன். டிக் விழுந்தது. பக்கத்திலேயே படத்துக்கான மெமரி எவ்வளவு என்று ஒரு கோடு, அதையும் கடைசிவரை இழுத்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். மாமி காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆச்சா?" என்றார். "இனிமேத்தான் தெரியும் மாமி."

மறுபடி எல்லாம் திறந்தது. சமையலறை வந்தது. மவுஸைத் தொட்டேன். தொட்ட மாத்திரத்தில் அறை வழுக்கிக்கொண்டு திரும்பியது. இழுப்பு இல்லை, நிற்பது இல்லை, வெள்ளைச் சுவர் இல்லை. நாம் கழுத்தைத் திருப்புகிற மாதிரியே திரும்பியது. அடுப்பு, அதன் கீழே கால் நீட்ட இடம், கை எட்டும் உயரத்தில் அஞ்சறைப்பெட்டி, குழாய். மாமி காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"உப்புப் போட்டாச்சு மாமி. இப்ப திரும்பறோம்" என்றேன்.

திரும்பினோம். வாசற்படி தெரிந்தது, கூடம் தெரிந்தது. கோயிலாழ்வார் இருக்க வேண்டிய இடத்தில், நான் ஆசை ஆசையாக வரைந்த உயரமான சாமான் அலமாரியின் விளிம்பு நின்றது. கோயிலாழ்வாரின் ஒரு ஓரம் மட்டும் எட்டிப் பார்த்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தாளில் கோடு போட்டுத் தெரியும் என்று நானும்தானே அடித்துச் சொன்னேன்? மாமியோ நாற்காலியில் இருந்தபடியே உடம்பைச் சாய்த்து, கழுத்தை நீட்டி, அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். டிவிக்கு முன்னால்! பிள்ளை சிரித்தேவிட்டார். "அம்மா, அது படம்" என்றார். "படம்னு எனக்குத் தெரியாதா? சித்த இரு" என்று இன்னும் சாய்ந்தார்.

"நீங்க நகராதீங்க மாமி, அத நகத்திடறேன்" என்று அலமாரியை அப்படியே பிடித்து எதிர்ச் சுவருக்கு இழுத்தேன். முன்பு இந்த ஒரு வேலைக்கே ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இப்போது கையோடு வந்துவிட்டது. வழி திறந்தது. கூடத்து மூலையில் முழுசாகக் கோயிலாழ்வார். மாமியின் அனுமதியோடு முதல் நாள் நான் ஃபோனில் எடுத்த படத்தைத்தான் அந்த மரப்பெட்டியின் முகப்பில் ஒட்டியிருந்தேன். அதனால் பூவும் விளக்குமாகப் பெருமாளே அங்கே இருந்தார்.

மாமி டிவியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிச் சேவித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அதைப் பார்த்து எனக்கும் வந்தது. நான் அழுததைப் பார்த்து, "நீ ஏண்டியம்மா அழறே?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"அடுப்புக்குத் திருப்பு" என்றார். திருப்பினேன். "அவர்கிட்ட திருப்பு" என்றார். திருப்பினேன். அப்படிப் பத்து தடவையாவது போய் வந்திருப்போம். கடைசியில் பிள்ளையைப் பார்த்து, "நாளைக்கு நல்ல நாள்தான். ஆடிக்கு முன்னால ஒரு ஆணியாவது அடிச்சுடச் சொல்லு. நீ ரயிலுக்குக் கிளம்பு" என்றார். அவ்வளவுதான், பெங்களூர்ப் பேச்சே அதோடு போயிற்று. அந்தப் பிள்ளை என் கம்ப்யூட்டரைத் தானே தூக்கிவந்து ஆட்டோவில் வைத்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அம்மாவை வேரோடு பிடுங்கிக்கொண்டு போக அவருக்கும் ஆசையில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பாலத்தில் வரும்போது வீட்டுக்காரர் ஃபோன் செய்தார். "என்ன, மிஸ்டு காலா இருக்கு? ஓடுச்சா?"

"உங்க 'சேவ் பண்ணு'ங்கற பேச்ச நம்பினதுல ஒரு மாமி பெங்களூருக்கே போயிருப்பாங்க!" என்று பிடித்துக்கொண்டேன். நடந்ததைச் சொன்னேன். "அட ஆமால்ல! சேவ்ல இருந்தா செட்டிங்ல கை வைக்க முடியாதுல்ல. அத மறந்தே போயிட்டேன் பாரு" என்றார். இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து 'மறந்தேன்' என்று ஒரு வார்த்தை வாங்கியது எனக்கு அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷம் பாலக்கரை வரும்வரை தாங்கியது.

வேலை ஆவணியில் முடிந்தது. பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் மாமி கூப்பிட்டனுப்பினார். புதுச் சமையலறை பளபளவென்று இருந்தது. நான் வழக்கம்போலப் படிக்கு வெளியே நின்றேன்.

"வா உள்ள" என்றார்.

நான் தயங்கினேன்.

"இன்னும் தளிகை ஆரம்பிக்கலியே. நாளையிலேர்ந்துதான் மடி. இன்னிக்கு இது உன்னோடது. உக்காந்து பாரு, நீ சொன்னது சரியா இருக்கான்னு."

செருப்பை வெளியிலேயே விட்டிருந்தும், காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். அடுப்புக்கு முன்னால் அவருடைய முக்காலியில் உட்கார்ந்தேன். உப்பு எடுக்கிற மாதிரி கையை நீட்டி, கழுத்தைத் திருப்பினேன். டிவியில் பார்த்தது போலவே தெரிந்தது. மாமி வாசற்படிக்கு வெளியே, எப்போதும் நான் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு, "தெரியறாரா?" என்று கேட்டார். "தெரியறார் மாமி" என்றேன்.

மறுநாளிலிருந்து எனக்குப் பழையபடி படிக்கு வெளியேதான் இடம். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எப்போது போனாலும் எனக்கென்று ஒரு கிண்ணம் அக்காரவடிசில் இருக்கிறது. உப்பும் இனிப்பும் பார்க்காமலே போட்டது, ஒருநாளும் தப்பியதில்லை. இப்போது ராத்திரி வேலை முடிந்ததும் விண்டோஸை முழுதாக அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். கோலம் ஒன்றுதான் போடவில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ வீட்டுக்குச் சமையலறை வரைந்துவிட்டேன். இப்போதெல்லாம் அளவு நாடாவை எடுப்பதற்கு முன்னால், அந்த வீட்டில் சமைக்கிறவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, "நீங்க இங்கேர்ந்து திரும்பினா உங்களுக்கு என்ன தெரியணும்?" என்று முதலில் கேட்கிறேன், இன்றுவரை ஒருவர்கூட அதற்குப் பதில் இல்லாமல் இருந்ததில்லை.